லிஸ்ட்ல என் பேரு வருமாக்கா?

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் தப்பில்லைன்னுதான் இன்னைக்கும் நினைக்கிறேன். தப்பில்லாத பதில்னா அது அன்னைக்கே மறந்து போயிருக்கணும், ஆனா சீசன் முடிஞ்சு, அடுத்த சீசன் முடிஞ்சு, நான் கம்பெனியே மாறினப்புறமும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

அப்ப நான் டொரொண்டோல ஒரு அனிமேஷன் ஷோவோட புரொடியூசர். டெலிவரி நெருங்குற நேரம். 52 எபிசோட், ஒவ்வொண்ணும் 11 நிமிஷம். ஸ்கிரிப்ட், ஸ்டோரிபோர்டு, டிசைன், கீ போஸ் (ஒரு அசைவோட முக்கியமான நிலைகள்), எடிட் எல்லாம் டொரொண்டோ, மிச்ச அனிமேஷனும் லைட்டிங்கும் சென்னை. எங்களுக்கு காலைல ஒன்பது, அவங்களுக்கு ராத்திரி ஏழரை, திருத்த வேண்டிய ஷாட்டைப் பத்திப் பேச தினமும் ஒரு ரீடேக் கால். அன்னைக்கு எல்லாரும் கட் பண்ணினப்புறம் சென்னை சூப்பர்வைசர் மட்டும் லைன்லயே இருந்தாரு. நாலு பேர் இருந்தா மேடம்னு கூப்பிடுவாரு, தனியா பேசினா அக்கா.

"அக்கா, எண்ட் கிரெடிட் லிஸ்ட் பார்த்தேன். எங்க ஸ்டூடியோ பேரு மட்டும்தான் இருக்கு. என் பேரு எங்கயாவது ஓரமா வருமாக்கா? வேலைக்கு அப்ளை பண்ணும்போது கேக்குறாங்க, அதான்."

"ஸ்டூடியோ பேரு வருதுல்ல தம்பி, அது உங்க எல்லாருக்கும் சேர்த்துதானே."

"சரிக்கா."

அவ்வளவுதான். அடுத்த நிமிஷமே ஒரு எபிசோட்ல தண்ணி ஷாட் ரெண்டர்ல ஃப்ளிக்கர் ஆகுது, இன்னைக்கு ராத்திரி திரும்ப போட்டுடுறோம்னு அதைப் பத்தி பேச ஆரம்பிச்சுட்டாரு. சண்டை போடல, முகம் சுளிக்கல, கேமராவும் ஆஃப்ல இருந்துச்சு, அதனால முகத்தைப் பத்தி நான் சொல்றதே ஊகம்தான்.

என் பக்கத்தைச் சொல்றேன். கனடா கன்டென்ட்னு சான்றிதழ் வாங்கினாதான் அந்த ஷோவுக்கு பணமே கூடும். அதைக் கொடுக்கிறது கேவ்கோன்னு ஒரு அரசாங்க ஆபீஸ், 10 பாயிண்ட்ல குறைஞ்சது 6 வேணும். டைரக்டர் கனடாக்காரரா இருந்தா 1, மியூசிக் 1, எடிட்டர் 1, இப்படிப் போகும். அனிமேஷன் ஷோவுல மட்டும் சில பாயிண்ட் ஆளைப் பொறுத்தது இல்ல, வேலை எங்க நடந்துச்சுங்கிறதைப் பொறுத்தது. லேஅவுட்டும் பேக்ரவுண்டும் 1, கீ போஸ் போடுற கீ அனிமேஷன் 1, அசிஸ்டென்ட் அனிமேஷனும், கீ போஸுக்கு நடுவுல நிரப்புற இன்பிட்வீனும் சேர்த்து 1. இந்தக் கடைசி பாயிண்ட்டை நிறைய பேர் விட்டுட்டு வேலையை ஆசியாவுக்கு அனுப்புவாங்க. ஆனா கீ அனிமேஷன் கட்டாயம் கனடாவுலதான் நடக்கணும், அது போச்சுன்னா மத்த பாயிண்ட் எத்தனை இருந்தும் பிரயோஜனம் இல்ல. அதுக்கு மேல, சேவைச் செலவுல 75 சதவீதம் கனடாக்காரங்களுக்குப் போயிருக்கணும். இதெல்லாம் சரியா இருந்தா கனடாக்காரங்க சம்பளச் செலவுல 25 சதவீதம் வரிச்சலுகையா திரும்பி வரும். அந்தப் பணத்தை நம்பித்தான் பட்ஜெட்டே போட்டிருப்போம்.

இதோட அர்த்தம் என்னன்னு வெளியில இருக்கிறவங்களுக்கு சட்டுனு புரியாது. ஆள் கணக்குல ஷோவுல பாதிக்கு மேல சென்னை, பணக் கணக்குல கால்வாசிக்குள்ள சென்னை. ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கணும்னா ஒரு ஆளோட சம்பளம் அங்க எவ்வளவு, இங்க எவ்வளவுன்னு நீங்களே பார்த்துக்கலாம். நான் சென்னையில இருந்து வந்தவ, எனக்கு அந்த ரெண்டு நம்பரும் தெரியும்.

கீ போஸ் நிஜமாவே டொரொண்டோலதான் நடந்துச்சு. அதுல பொய் எதுவும் இல்ல, அதை அழுத்திச் சொல்லிக்கிறேன். ஆனா 3டி ஷோவுல கீ எங்க முடியுது, மிச்சம் எங்க ஆரம்பிக்குதுங்கிறது பேப்பர்ல கோடு கிழிச்ச மாதிரி இருக்காது. கீ போஸ் மட்டும் வச்ச ஷாட், ப்ளாக்கிங்னு சொல்லுவோம், சென்னைக்கு வந்து சேரும், கேரக்டர் உட்கார்ந்து எழுந்திரிக்கிற இடத்துல வெயிட்டே இருக்காது, அதை அப்படியே இணைச்சு ஓட்டினா ரப்பர் பொம்மை மாதிரி வரும்னு அந்த சென்னை சூப்பர்வைசருக்குப் பார்த்த உடனே தெரியும். எங்களுக்கு நோட்ஸ் எழுதி, நாங்க தூங்கி எழுந்து, திருத்தி, திருப்பி அனுப்பி, ரெண்டு நாள் போயிடும். அதனால சில ஷாட்டை அவரே சத்தமில்லாம உட்கார்ந்து சரி பண்ணி அனுப்பிடுவாரு. டைரக்டர் பார்த்துட்டு, இந்த ஷாட் அருமைன்னு சொல்லுவாரு, நான் அதை ரீடேக் கால்ல சொல்லுவேன். இப்படி ஒருத்தரை சூப்பர்வைசர்னு ஸ்கிரீன்ல போட்டா, கீ அனிமேஷனை யாரு பார்த்துக்கிட்டாங்கன்னு ஆடிட்ல ஒரு கேள்வி வரலாம். வரும்னு இல்ல, வரலாம். எங்க லாயர் சொன்னது, கேக்காத கேள்வியை நாமளே ஏன் கூப்பிடணும். எனக்கு அப்ப அது நியாயமாத்தான் பட்டுச்சு. அந்தப் பணம் வரலைன்னா அடுத்த சீசன் இல்ல, அடுத்த சீசன் இல்லைன்னா சென்னையில அந்த ஃப்ளோர் முழுக்க வேலையில்லாம பெஞ்ச்.

இவ்வளவும் சொல்லிட்டு அவர் கேட்டதை திரும்ப படிச்சா, அவர் சூப்பர்வைசர்னு போடச் சொல்லவே இல்ல. ஓரமான்னுதான் கேட்டாரு. அனிமேஷன் டீம்னு போட்டு கீழ பத்தோட பதினொண்ணா அவர் பேரைப் போட்டிருந்தா எந்த ஆடிட்டரும் கண்டுக்கப் போறதில்ல. கேக்காத கேள்விக்கு பதில் ரெடி பண்ணி வச்சுக்கிட்டு, கேட்ட கேள்வியை நான் தாண்டிப் போயிருக்கேனோ.

இல்ல, அப்படியும் சொல்ல முடியாது. ஏன்னா அதுக்கு முன்னாடியே நான் சென்னை ஸ்டூடியோ ஓனர்கிட்ட கேட்டிருந்தேன். லிஸ்ட் ரெடி பண்ணும்போது, உங்க ஆளுங்க பேரு கொடுங்க சார், எண்ட் கிரெடிட் ஓடுற 30 செகண்ட்ல இடம் பார்க்கிறேன்னு நானேதான் கேட்டேன். அவர் வேணாம்னுட்டாரு. பேரு வெளியில தெரிஞ்சா ஹைதராபாத்காரனும் பெங்களூர்காரனும் அடுத்த வாரமே ஆளைத் தூக்கிடுவான், நான் காலேஜ்லேர்ந்து எடுத்து ரெண்டு வருஷம் ட்ரெயின் பண்ணினவங்க, கல்யாணப் பத்திரிகையில சமையல்காரர் பேரா போடுறோம்னு கேட்டாரு. அவர் பயமும் பொய்யில்ல. எபிசோட் நடுவுல நாலு சீனியர் போயிட்டா அந்த ஸ்டூடியோ படுற பாடு எனக்குத் தெரியும், அபராத ஷரத்து போட்டு அக்ரிமென்ட்ல கையெழுத்து வாங்கினதே நான்தான்.

ஆக பேரு வேணாம்னு முடிவு பண்ணினது நான் இல்ல. ஆனா அந்தத் தம்பி கேட்டப்போ, உங்க ஓனர்தான் வேணாம்னாருன்னு நான் சொல்லல. சொன்னா என்ன ஆகும், டெலிவரிக்கு முன்னாடி அவர் போய் ஓனர்கிட்ட கேப்பாரு, ஓனர் என்கிட்ட கோபப்படுவாரு, ரெண்டு பேரும் எனக்கு வேணும். ஒரு புரொடியூசர் வேலையே அதுதானே, ஒருத்தர்கிட்ட கேட்டதை இன்னொருத்தர்கிட்ட கொண்டு போகாம இருக்கிறது. டைரக்டர் சென்னை டீம் மேல கத்தினதை அப்படியே கொண்டு போனா எந்த ஷோவும் முடியாது. இத்தனை வருஷமா அதை ஒரு திறமைன்னு நினைச்சுத்தான் செஞ்சுக்கிட்டு இருக்கேன். அன்னைக்கு செஞ்சது அதே திறமையா, இல்ல வேற ஏதாவதான்னுதான் எனக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியல.

பேரோட மதிப்பு எனக்குத் தெரியாதுன்னு சொல்லவே முடியாது. 2000-ல சென்னை கம்பெனி பென்டாமீடியா சிந்துபாத் கதையை மோஷன் கேப்சர்ல (நடிகர்களோட அசைவைப் பதிவு பண்ணி கேரக்டருக்குக் கொடுக்கிறது) முழுப்படமா கொண்டு வந்த சமயம் சென்னையில இந்தத் தொழில் மேல எல்லாருக்கும் ஒரு வெறியே இருந்துச்சு, நான் வேற ஒரு சின்ன ஸ்டூடியோவுல கோஆர்டினேட்டர், எக்செல் ஷீட் போடுற பொண்ணு. வெளிநாட்டுக்கு போன ஒரு டிவிடியில கடைசியில என் பேரு ஓடுச்சு, ஸ்பெல்லிங் தப்பா. அந்த டிவிடியை சிங்கப்பூர் இன்டர்வியூக்கு எடுத்துட்டுப் போயி, என் பேரு வர்ற இடத்துல நிறுத்திக் காட்டினேன். அங்க இருந்துதான் எல்லாமே. சிங்கப்பூர், அப்புறம் மலேசியாவுல சைபர்ஜெயா, அப்புறம் இங்க.

மலேசியாவுல இருந்தப்போ ஒரு வித்தியாசம் கவனிச்சேன். அங்க 2007-ல ரமலான் மாசத்துக்குன்னு வந்த உபின் இபின், 2011-ல வந்த போபோய்போய், ரெண்டு அனிமேஷன் தொடரும் அவங்க சொந்தச் சரக்கு. கதையும் கேரக்டரும் சொந்தமா வந்ததும் அந்தத் தொழில்ல இருக்கிறவங்க நடை உடையே மாறிடும், நான் இந்த ஷோ பண்றேன்னு மாமியார் வீட்டுல சொன்னா குழந்தைங்க ஓடி வரும். அடுத்தவங்க ஷோவுக்கு செஞ்சு கொடுக்கிற சர்வீஸ் வேலையில அது கிடையாது. கொரியாவுல ஏகாம் ஸ்டூடியோ 1989லேர்ந்து சிம்ப்சன்ஸ் பண்றாங்க, பார்க்கிறவங்களுக்கு அது முழுக்க முழுக்க அமெரிக்கக் கார்ட்டூன். அப்ப இது ஒரு தம்பியோட பிரச்சனை இல்ல, தொழிலோட அமைப்பே அப்படின்னு ஒரு சமாதானம் வரும் எனக்கு. அந்த சமாதானம் மத்தியானம் வரைக்கும் தாங்கும்.

ஸ்டூடியோ பேரு உங்க எல்லாருக்கும் சேர்த்துதான்னு சொன்னேனே, அந்த வாக்கியத்துலதான் என் மனசு அதிகமா சிக்கிக்குது. ஸ்டூடியோ எத்தனை நாளைக்கு இருக்கும்? ரிதம் அண்ட் ஹ்யூஸ்னு ஒரு அமெரிக்க விஷுவல் எஃபெக்ட்ஸ் கம்பெனி, லைஃப் ஆஃப் பை படத்துக்கு ஆஸ்கர் வாங்குறதுக்கு ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதான் திவால்னு கோர்ட்டுக்குப் போனாங்க, 2013 பிப்ரவரி, மும்பை ஹைதராபாத் கோலாலம்பூர்ல எல்லாம் அவங்களுக்கு ஆள் இருந்துச்சு. 2023-ல ஸ்டார் வார்ஸ் எடுத்த லூகாஸ்ஃபிலிம் சிங்கப்பூர் ஸ்டூடியோவை மூடுறோம்னு அறிவிச்சாங்க. 2025 பிப்ரவரில டெக்னிகலர்ங்கிற பெரிய விஷுவல் எஃபெக்ட்ஸ் கம்பெனி விழுந்தப்போ பெங்களூர்ல அத்தனை பேர் ஒரே வாரத்துல தெருவுக்கு வந்தாங்க. நம்ம தொழில்ல கம்பெனி பேருதான் முதல்ல காணாமப் போகும். அதைப் போயி ஒரு ஆளுக்கு சேமிப்பு மாதிரி நான் காட்டியிருக்கேன்.

அடுத்த வருஷம் அவர் வான்கூவர்ல ஒரு இடத்துக்கு அப்ளை பண்ணினாரு. அங்க இருந்து ஹெச்ஆர்ல எனக்கு மெயில், இந்த ஷோவுல வேலை பார்த்ததா போட்டிருக்காரு, கிரெடிட்ல பேரைக் காணோம், உறுதிப்படுத்த முடியுமான்னு. நான் ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். எந்த எபிசோட், எந்த சீக்வென்ஸ், வெயிட் பத்தி அவருக்கு இருக்கிற கண்ணு, எல்லாம். எழுதும்போது மனசு லேசா இருந்துச்சு, பேரு போடாததுக்கு பதிலா இதையாவது செஞ்சேன்னு. அந்த வேலை அவருக்குக் கிடைக்கல. காரணம் சொல்லல, யாரும் சொல்ல மாட்டாங்க. விசாவா இருக்கலாம், ஷோரீலா இருக்கலாம், வேற ஆளு கிடைச்சிருக்கலாம். பேரு ஸ்கிரீன்ல இருந்திருந்தா கிடைச்சிருக்கும்னு சொல்றதுக்கு என்கிட்ட ஒரு ஆதாரமும் இல்ல. அதே மாதிரி கிடைச்சிருக்காதுன்னும் சொல்ல முடியாது. அவர் மெசேஜ் போட்டாரு, லெட்டருக்கு ரொம்ப தேங்க்ஸ்க்கான்னு. அவர் தேங்க்ஸ் சொன்னதுதான் எனக்கு சாப்பாடு இறங்க விடல. ஓனர் விஷயத்தை அப்பவாவது சொல்லியிருக்கலாம். அப்பவும் அந்த ஸ்டூடியோவோட எங்களுக்கு ரெண்டாவது சீசன் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

என் வீட்டுக்காரர் சொல்றது, இப்பல்லாம் யாரு கிரெடிட் பார்க்கிறா, அடுத்த எபிசோட் தானா ஓட ஆரம்பிச்சு பேரெல்லாம் ஒரு சின்னப் பெட்டிக்குள்ள போயிடுது, அதுக்குப் போயி இவ்வளவு யோசிக்கிறியேன்னு. உண்மைதான், பார்க்கிறவன் யாரும் படிக்கிறதில்ல. ஆனா வேலை கொடுக்கிறவன் படிக்கிறான். பார்க்கிறவங்களுக்காக யாரும் பேரு கேக்கல.

இப்ப புது கம்பெனியில, அயர்லாந்து டப்ளின் பார்ட்னரோட சேர்ந்து தயாரிக்கிற ஒரு ஷோ. அவங்களுக்கு அங்க செக்ஷன் 481னு 32 சதவீதம் வரிச்சலுகை, எங்களுக்கு இங்க எங்க சலுகை, மூணாவது நாடா வேற ஒரு இந்திய ஸ்டூடியோ, இந்தத் தடவை திருவனந்தபுரம் பக்கம். அக்ரிமென்ட்ல கிரெடிட் ஷெட்யூல்னு ஒரு இணைப்பு இருக்கும்ல, அதுல சர்வீஸ் ஸ்டூடியோ கலைஞர்கள் பேரு தனித்தனியா வரணும்னு ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். இங்க இருக்கிற லாயரும் அதே கேள்வியைத்தான் கேட்டாரு, நான் பதில் சொல்லாம வரியை மட்டும் திரும்ப அனுப்பினேன். டப்ளின்ல ஒத்துக்கிட்டாங்க, ஸ்கிரீன்ல ஒரே ஒரு கார்டு, இருபது பேருக்கு மேல முடியாதுன்னு. திருவனந்தபுரம் ஸ்டூடியோ ஓனர்கிட்ட கேட்டேன், அவர் அனுப்பின லிஸ்ட்ல முதல் பேரு அவரோடது, அடுத்து அவர் தம்பி, அப்புறம் டிபார்ட்மென்ட் ஹெட்ஸ். ஷாட் போட்டவங்க யாருமே இல்ல.

அதனால நானே டிராக்கிங் சாஃப்ட்வேர்ல உள்ள போயி யாரு எத்தனை ஷாட்டுன்னு எடுத்துப் பார்த்தேன். அதுல ஷாட் முதல்ல யாருக்கு அசைன் ஆச்சோ அவங்க பேருதான் நிக்குது. ரீடேக்ல வேற யாரோ ராத்திரி உட்கார்ந்து முழுசா மாத்திப் போட்டிருந்தா அது பதிவே ஆகல. ஓனர் லிஸ்ட்டை அப்படியே போட்டா அது பொய், சாஃப்ட்வேர் லிஸ்ட்டைப் போட்டா அது அரைகுறை, லீடுங்களைத் தனித்தனியா கூப்பிட்டு யாரு நிஜமா செஞ்சாங்கன்னு கேட்டா அங்க நான் இல்லாத நேரத்துல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். ரெண்டு லீடுகிட்ட கேட்டுட்டேன், மூணாவது ஆளுக்கு ஃபோன் பண்ணணும். வெள்ளிக்கிழமைக்குள்ள டப்ளினுக்கு லிஸ்ட் போகணும், இப்போதைக்கு அதுல பதிமூணு பேரு இருக்கு, ஓனரோட தம்பி பேரை எடுத்துட்டேன், அதை அவர்கிட்ட இன்னும் சொல்லல.