கூகைக்குப் பெட்டி: தேவிபட்டினம் பக்கம் செய்து பார்த்தது

கூகை என்னும் ஆந்தை கூடு கட்டாது, பொந்து தேடும். மொட்டைப் பனைகளும் பழைய ஓட்டு வீடுகளும் குறைந்துவரும் இந்தக் கரையில், வயலோரம் பெட்டி வைத்தால் குடிவர வாய்ப்புண்டு.

12 மி.மீ. மரைன் பிளைவுட். தளம் 60 × 45 செ.மீ., உயரம் 65 செ.மீ., வாசல் 15 செ.மீ. சதுரம். வாசலின் கீழ்விளிம்பு தளத்திலிருந்து 45 செ.மீ. மேலே இருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இதில்தான். வாசல் தாழ்ந்தால், இரை வரும்போது முண்டும் குஞ்சு வெளியே விழும். தரையில் கிடக்கும் குஞ்சைத் தாய் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. பனிப்பிரதேச வெள்ளாந்தையின் கதை வேறு. அது துருவச் சமவெளியில் வெறும் மேட்டில் முட்டையிடும். பறக்கத் தெரியுமுன்பே, மூன்று நான்கு வாரத்தில், குஞ்சுகள் நடந்து வெளியேறும். துருவ நரி வந்தால் ஆண் பாய்ந்து விரட்டும். கூகைக்குப் பொந்துதான் காவல்.

சாதா இரும்புத் திருகு உப்புக்காற்றில் அரித்துவிடும், துருப்பிடிக்காத எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்குரூ போடுங்கள். வெளியே வெள்ளை பெயின்ட், உள்ளே எதுவும் வேண்டாம். ஒற்றைக் கூரை சித்திரை வெயிலில் அடுப்பு மாதிரி, 3 செ.மீ. இடைவெளி விட்டு இன்னொரு பலகை, அதன்மேல் பனையோலை. கூரையை ஒட்டிக் காற்றுத்துளை, தளத்தில் 10 மி.மீ. வடிதுளை நான்கு. முட்டை உருளாமலிருக்க 5 செ.மீ. தென்னைநார்க் கழிவு.

கம்பம் 4 முதல் 5 மீட்டர். ஐப்பசி வாடையும் ஆடிக் கச்சானும் நேராக அடிக்காதபடி வாசல் தென்கிழக்கு நோக்கட்டும். மரநாய், சாரை, உடும்பு, பூனை ஏறாமலிருக்க, தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல், ஒரு மீட்டர் உயரத்துக்கு வழவழத் தகரம் சுற்றவேண்டும். பக்கத்தில் கிளை நீண்டிருந்தால் தகரம் வீண், மரநாய் தாவிவிடும். இறால் பண்ணைகளில் பறவை விரட்டக் கட்டும் நைலான் கயிறு இருட்டில் தெரியாது. அங்கிருந்து தள்ளியே நடுங்கள். வீடுகளிலிருந்தும் தள்ளி வைப்பது நல்லது. சாக்குருவி என்று கல்லெறிவது இன்னும் ஓயவில்லை.

குடிவந்ததற்கு அடையாளம் கம்பத்தடியில் விழும் கறுத்த கக்கல் உருண்டைகள். உடைத்தால் வெள்ளெலி, வரப்பெலியின் மண்டையோடுகள். அதற்குப்பின் பெட்டியைத் திறக்கக்கூடாது. அடைகாக்கும் பெட்டை மிரண்டால் முட்டையைக் கைவிட்டுவிடும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் கைவைக்க இடமில்லை.

பெரும்பாலும் 4 முதல் 7 முட்டை, இரண்டு மூன்று நாளுக்கொன்று. முதல் முட்டையிலிருந்தே அடை, ஏறக்குறைய ஒரு மாதம். அதனால் குஞ்சுகள் ஏறுவரிசையில் நிற்கும். எலி குறைந்தால் கடைக்குட்டிதான் முதலில் பட்டினி. குஞ்சுகள் கொஞ்சம் வளரும்வரை வேட்டை முழுக்க ஆணின் பொறுப்பு. எட்டு, ஒன்பது வாரத்தில் பறக்கும்.

பக்கத்து வயலில் புரோமடையலோன் என்ற எலிமருந்து வைத்தால் இவ்வளவும் போச்சு. அதைத் தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடும் எலியே கூகைக்கு எளிதில் சிக்கும், நஞ்சு அதன் ஈரலில் சேரும். பெட்டி வைக்குமுன் அக்கம்பக்கத்தாரிடம் பேசி, மருந்துக்குப் பதில் தஞ்சாவூர் கிட்டி (மூங்கில் எலிப்பொறி) வைக்கச் சொல்லுங்கள். குடும்பம் கிளம்பியபின் முகக்கவசம், கையுறையோடு கழிவை அள்ளி, இரண்டு விரற்கடை மட்டும் அடுத்த ஈட்டுக்கு விட்டுவையுங்கள்.