சாவியும் கடனும்

போன வாரம் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குச் ‘சமூக மூலதனம்’ நடத்திக்கொண்டிருந்தேன். ஒருவரையொருவர் நம்பும் கூட்டத்தில் தொழில் சுலபமாக நடக்கும், பத்திரச் செலவும் வக்கீல் செலவும் மிச்சம் என்பது பாடம். காரைக்குடியில் இருந்துகொண்டு இதற்கு உதாரணம் தேட வேண்டுமா? நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், நடத்திய லேவாதேவியைச் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, “அந்த நம்பிக்கை நமக்கும் கெடைக்குமா மேடம்?” என்று கேட்டாள். ‘நமக்கு’ என்று அவள் யாரைச் சொன்னாள் என்பது எனக்குப் புரிந்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது. அவளுக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

என் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல் இருந்தவர். வீட்டுக்காரர்கள் சென்னையில். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் ஊருக்கு வருவார்கள். மற்ற நாளெல்லாம் இருபத்து மூன்று சாவி கோத்த வளையம் எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும். வாரத்தில் இரண்டு நாள் முகப்பிலிருந்து அடுப்படி வரை கதவு கதவாகத் திறந்து காற்றாட விடுவார். வளவில் விழுந்த சருகைக் கூட்டுவார். ஐப்பசி மழைக்கு முன்னால் ஏணி வைத்து ஓடு பார்ப்பார். முப்பது வருஷத்தில் அந்த வீட்டில் ஒரு பீங்கான் கிண்ணம் குறைந்ததில்லை. அவருக்கும் ஒன்றாம் தேதி சம்பளம் தவறியதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

1983ல் அத்தை கல்யாணத்துக்கு அவர்களிடம் மூவாயிரம் ரூபாய் கேட்டார். கொடுத்தார்கள். அப்பத்தாவின் தோட்டை அடகாக வாங்கிக்கொண்டு, வட்டிக்குக் கொடுத்தார்கள். அந்தத் தோடு மீளவில்லை. கடைசி வரை அப்பத்தா காதில் வேப்பங்குச்சிதான் இருந்தது.

சாதிக்கட்டுக்குள் இருக்கும் இந்தியாவில் நவீன முதலாளித்துவம் தானாக முளைக்காது என்று நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் எழுதினார். அதை மறுத்தவர்களில் மானிடவியலாளர் டேவிட் ருட்னர் முக்கியமானவர். 1994ல் வெளிவந்த அவருடைய ஆய்வு நம் ஊர் நகரத்தாரைப் பற்றியதுதான். அவர்கள் விஷயத்தில் சாதி தொழிலுக்குத் தடையாக இல்லை, சாதியே வங்கியாக வேலை செய்தது என்று காட்டினார். ஒன்பது நகரக் கோயில்கள், கொண்டான் கொடுத்தான் உறவு, ஒரு வட்டிக்கடைப் பணம் இன்னொரு வட்டிக்கடையில் வைப்பாக இருப்பது எல்லாம் சேர்ந்து ஓர் அமைப்பு. பர்மாவில், ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி வட்டி விகிதத்தைத் தீர்மானித்தார்கள். பெட்டியடிப் பையனாக, அதாவது கடையின் கடைநிலை உதவியாளாகக் கப்பலேறியவன் அடுத்தாளாகி, கடையை நடத்தும் மேலாளாகி, ஒருநாள் சொந்தமாகக் கடை போடலாம். கையில் காசில்லாதவனுக்கும் ‘இன்ன ஊர், இன்ன கோயில், இன்னார் மகன்’ என்பதே பிணை. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உண்மையாகவே பிரமிப்பு வரும்.

பணமும் வியாபாரமும் மனித உறவுகளுக்குள் பதிந்துதான் நடக்கின்றன என்று 1985ல் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் வாதிட்ட பிறகு, உறவையும் நம்பிக்கையையும் பற்றிய ஆய்வுகள் பெருகின. கூடவே எதிர்க்கேள்வியும் வந்தது. உள்ளே இருப்பவரைத் தாங்கும் அதே கட்டு வெளியே இருப்பவரைத் தள்ளாதா? சமூகவியலாளர் அலெஹாந்த்ரோ போர்ட்டஸ் இதைச் சமூக மூலதனத்தின் மறுபக்கம் என்று எழுதினார். இன்னொரு சமூகவியலாளரான சார்லஸ் டில்லி 1998ல் இதற்கு ‘வாய்ப்பைப் பதுக்குதல்’ என்றே பெயர் வைத்தார். இந்தியாவில் இது வெறும் கோட்பாட்டுச் சண்டை இல்லை. பொருளாதார அறிஞர் சுக்தேவ் தோராட்டும் சமூகவியலாளர் பால் அட்டுவெல்லும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 2007ல் வெளியான முடிவு: தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு குறைவாக வந்தது. சாதி கிராமத்தோடு நின்றுவிடவில்லை, இன்றைய சந்தைக்குள்ளும் அது வேலை செய்கிறது என்று மானிடவியலாளர் டேவிட் மோஸ் போன்றவர்கள் சொல்வதற்கு இப்படிப்பட்ட சான்றுகளே ஆதாரம்.

எனக்கு இந்த இரண்டு பக்கத்தாரிடமும் ஒரு குறை உண்டு. நம்பிக்கை இருக்கிறது, இல்லை என்று இரண்டாகவே பிரிக்கிறார்கள். மக்கள் எதை மதிக்கிறார்கள் என்று உலகம் முழுக்க நடக்கும் ஆய்வில் (World Values Survey) கேட்கும் பிரபலமான கேள்வி இது: ‘பொதுவாகப் பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா, அல்லது பழகும்போது மிகவும் கவனமாக இருக்க வேண்டுமா?’ ஐயாவிடம் கேட்டிருந்தால் நம்பலாம் என்றிருப்பார். அந்த வீட்டு ஆச்சியும் அதையேதான் சொல்லியிருப்பார். இரண்டு பதிலும் ஒரே கட்டத்தில் விழும். ஆனால் ஐயாவை நம்பிக் கொடுத்தது சாவியை. சொந்தக்காரப் பையனை நம்பிக் கொடுத்தது மூலதனத்தை. மூலதனத்தை நம்பிக் கொடுத்தால் வாங்கியவன் ஒருநாள் கொடுத்தவனுக்குச் சமமாக வந்து நிற்கலாம். சாவியை நம்பிக் கொடுத்தால், வாங்கியவன் முப்பது வருஷம் கழித்தும் சாவிக்காரனாகவே இருப்பான். வீட்டில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதல்ல என் கேள்வி. யாரை எதற்காக நம்புகிறோம் என்பதைச் சாதி எப்படிப் பங்கு போட்டுவைத்திருக்கிறது என்பதுதான். முனைவர் பட்ட ஆய்வுக்கு இதைத்தான் எடுத்திருக்கிறேன். சொந்தக் குடும்பக் கதை ஆய்வாகாது என்று சிலர் சொல்லிவிட்டார்கள். குடும்பக் கதையை வைத்து முடிவு சொன்னால் ஆகாதுதான். ஆனால் கேள்வி எங்கிருந்து வந்தாலும் கேள்விதானே.

அதனால் என் நேர்காணல் தாளில் இரண்டு கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். வெளியூர் போகும்போது வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பீர்கள்? எழுத்து இல்லாமல் யாருக்குக் கடன் கொடுப்பீர்கள்?

சித்திரையில் அந்த ஆச்சி ஊருக்கு வந்திருந்தார். எண்பது வயது தாண்டிவிட்டது. “வாத்தா, உள்ள வா” என்று கையைப் பிடித்துப் பட்டாலையில் உட்கார வைத்து, பணியாரம் கொடுத்தார். முதல் கேள்விக்கு யோசிக்கவே இல்லை. “உங்க ஐயா மாதிரி ஒரு ஆளு இனிமே எங்க கெடைக்கும்?” என்றார், கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அப்புறம் இரண்டாவதைக் கேட்டேன்.

“பணமா? அதுக்கு ஆளத் தெரிஞ்சிருக்கணும்ல ஆத்தா.”

எங்கள் ஐயாவை உங்களுக்கு முப்பது வருஷமாகத் தெரியுமே ஆச்சி என்று கேட்க வாய் வரை வந்தது. அன்றைக்குக் கேட்கவில்லை. ஆடியில் மறுபடி வருகிறார். கேட்பேன்.