பில்டு உடையட்டும், விசிட்அன்னோனில் கை வைக்க வேண்டாம்

விசிட்டர் பேட்டர்ன் என்ற கோடு எழுதும் முறையைத் திட்டாத ஜாவாக்காரர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நாலு வரியில் முடியும் வேலைக்கு எதற்கு இத்தனை க்ளாஸ், ஒரு இஃப்-எல்ஸ் போட்டால் போதாதா என்பார்கள். நான் இந்த விஷயத்தில் விசிட்டர் கட்சி. எல்லா இடத்திலும் இல்லை. ப்ரோக்ராமையே டேட்டாவாக வைத்துக்கொண்டு வேலை செய்யும் இடங்களில், அதாவது கம்பைலர், லின்ட் (கோடில் தப்பு தேடும் கருவி), அனோட்டேஷன் ப்ராசஸர் (கம்பைல் ஆகும்போதே கோடைப் பார்த்துச் சரிபார்க்கும் கருவி) மாதிரியான இடங்களில். 1994-ல் வந்த டிசைன் பேட்டர்ன்ஸ் புத்தகமும் விசிட்டருக்கு உதாரணமாக எடுத்துக்கொண்டது ஒரு கம்பைலரைத்தான். சின்டாக்ஸ் ட்ரீயில், அதாவது கோடைப் பிரித்து வைத்த மரத்தில், உள்ள நோடு வகைகள் லேசில் மாறாது, ஆனால் அவற்றின் மேல் செய்ய வேண்டிய வேலைகள் கூடிக்கொண்டே போகும்: டைப் செக், கோடு ஜெனரேஷன், அழகாக அச்சிடுவது என்று. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு நோடு க்ளாஸையும் திறந்து ஒரு மெத்தட் சேர்ப்பதற்குப் பதிலாக, வேலையைத் தனி க்ளாஸாக வெளியே எடுத்துவிடலாம். விசிட்டர் என்பது அவ்வளவுதான்.

இதை எழுத வைத்தது எங்கள் டீமில் நடந்த ஒரு விவாதம்: பில்டு உடைந்தபோது விசிட்அன்னோன் என்ற மெத்தடை மாற்றி அதை ஓட வைப்பதா, வேண்டாமா? பெங்களூரில் பெல்லந்தூர் பக்கம் ஆபீஸ். டீமில் பாதிப் பேர் தமிழ் என்பதால், கோடு ரிவ்யூவில் ஆங்கிலத்தில் ஆரம்பிக்கும் சண்டை கீழே தர்ஷினி ஹோட்டலில் பை-டூ காபியோடு தமிழில்தான் முடியும். எங்களிடம் ஒரு சின்ன அனோட்டேஷன் ப்ராசஸர் இருக்கிறது. போன், பான், ஆதார் என்ற பெயரில் வரும் ஃபீல்டு எதுவும் வெறும் ஸ்ட்ரிங்காக இருக்கக் கூடாது, அச்சிட்டால் கடைசி நாலு எழுத்தை மட்டும் காட்டும் எங்கள் சொந்த டைப்பாகத்தான் இருக்க வேண்டும். மீறினால் கம்பைல் ஆகாது. வாடிக்கையாளர் நம்பர் லாகில் போய் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்கான காவல் இது.

ஜாவா 6-ல், 2006-லேயே, இதற்கென்று ஒரு ஏபிஐ, அதாவது நம் கோடு கூப்பிடுவதற்கான மெத்தட்களின் தொகுப்பு, வந்துவிட்டது. பேக்கேஜ், க்ளாஸ், மெத்தட், ஃபீல்டு, பாராமீட்டர் எல்லாமே அதில் எலிமென்ட். க்ளாஸ் என்றால் டைப்எலிமென்ட், மெத்தடும் கன்ஸ்ட்ரக்டரும் எக்ஸிக்யூட்டபிள்எலிமென்ட், ஃபீல்டும் பாராமீட்டரும் வேரியபிள்எலிமென்ட். ஒவ்வொன்றிலும் ஆக்செப்ட் என்று ஒரு மெத்தட் உண்டு. விசிட்டரைக் கொடுத்தால், டைப்எலிமென்ட் உங்கள் விசிட்டைப்பைக் கூப்பிடும், வேரியபிள்எலிமென்ட் விசிட்வேரியபிளைக் கூப்பிடும்.

டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி, கோவில்பட்டிக்காரர், நல்ல கை. அவர் கேட்டது நியாயமான கேள்வி: "அண்ணா, செக் என்று ஒரே பெயரில் மூணு ஓவர்லோடு எழுதினா ஜாவாவே சரியானதைப் பிடிச்சுக்காதா?" பிடிக்காது. (ஓவர்லோடு என்றால் ஒரே பெயரில், வேறு வேறு பாராமீட்டர் டைப்போடு எழுதும் மெத்தட்கள்.) கையில் இருக்கும் வேரியபிளின் டைப் வெறும் எலிமென்ட் என்றால், எந்த ஓவர்லோடு என்பதைக் கம்பைலர் அந்த டைப்பை வைத்தே முடிவு செய்துவிடும். ஓடும் நேரத்தில் உள்ளே இருப்பது ஃபீல்டா மெத்தடா என்று பார்க்காது. புள்ளிக்கு இடது பக்கம் இருக்கும் ஆப்ஜெக்ட்டை மட்டும்தான் ஜாவா ஓடும் நேரத்தில் பார்க்கும். அதனால்தான் முதலில் எலிமென்ட்டை இடது பக்கம் வைத்து ஆக்செப்ட், பிறகு விசிட்டரை இடது பக்கம் வைத்து விசிட் என்று இரண்டு தாவல். டபுள் டிஸ்பேட்ச் என்று பயமுறுத்துவது இதைத்தான்.

சரி, இந்த ஆப்ஜெக்ட் இந்த டைப்பா என்று கேட்கும் இன்ஸ்டன்ஸ்ஆஃப் போட்டால்? அது வேண்டாம் என்று அந்த ஏபிஐயின் ஆவணமே சொல்கிறது. ஏனென்றால் இந்த எலிமென்ட் வகைகள் வெறும் இன்டர்ஃபேஸ்கள், என்னென்ன மெத்தட் வேண்டும் என்று மட்டும் சொல்பவை. ஜாவாவின் வழக்கமான கம்பைலரான ஜாவாசியும் எக்லிப்ஸின் கம்பைலரும் தனித்தனியாக இவற்றை எழுதியிருக்கின்றன, ஒரே ஆப்ஜெக்ட் இரண்டு இன்டர்ஃபேஸை நிறைவேற்றுவதற்கும் தடையில்லை. அப்படி ஒரு இடத்தில் இஃப்-எல்ஸ் சங்கிலியில் எது முதலில் இருக்கிறதோ அதுதான் விடை. எலிமென்ட் என்ன வகை என்று சொல்லும் கெட்கைண்டைக் கேளுங்கள் அல்லது விசிட்டரை அனுப்புங்கள் என்பதுதான் அவர்கள் வழி.

அடுத்தது, மரத்தில் யார் நடப்பது? நான் பார்த்தவரை அதிகம் சறுக்குவது இங்கேதான். சிம்பிள்எலிமென்ட்விசிட்டர் என்ற குடும்பம் நடக்காது. நீங்கள் காட்டிய எலிமென்ட்டோடு சரி, க்ளாஸுக்குள் க்ளாஸ் இருந்தால் எட்டிக்கூடப் பார்க்காது. எலிமென்ட்ஸ்கேனர் குடும்பம் உள்ளே இறங்கி நடக்கும், ஆனால் ஒரு நிபந்தனையோடு: நீங்கள் விசிட்டைப்பை ஓவர்ரைடு செய்துவிட்டு, அதாவது மாற்றி எழுதிவிட்டு, சூப்பரை, அதாவது பழைய மெத்தடை, கூப்பிடாமல் விட்டால், நடை அந்த வாசலிலேயே நின்றுவிடும். எரர் வராது, வார்னிங் வராது, உள்ளே இருக்கும் ஃபீல்டுகள் செக் ஆகாது, அவ்வளவுதான். பைத்தானில் சின்டாக்ஸ் ட்ரீக்கான ஏஎஸ்டி மாட்யூலிலும் இதே கதைதான். அங்கே ஜெனரிக் விசிட்டை மறந்தால் உள்ளே போகாது. இன்னொன்று, ஸ்கேனர் மெத்தடின் பாராமீட்டர்களுக்கும் விசிட்வேரியபிளைக் கூப்பிடும் என்பதால், கைண்டு ஃபீல்டுதானா என்று பார்த்த பிறகே எரர் போட வேண்டும், இல்லையென்றால் போன் என்று பாராமீட்டர் வைத்த எல்லோரும் உங்கள் டெஸ்க்குக்கு வருவார்கள். ரிட்டர்ன் வேல்யூவில் எதையும் சேர்த்துக்கொண்டு வரவும் முடியாது, பல எலிமென்ட்களை ஸ்கேன் செய்தால் கடைசி ஒன்றின் விடைதான் திரும்பும். சேர்க்க வேண்டியதை இரண்டாவது பாராமீட்டராக ஒரு லிஸ்ட்டைக் கொடுத்து அதில் போடுங்கள்.

இப்போது விவாதத்துக்கு வருகிறேன். எங்கள் ப்ராசஸர் எலிமென்ட்ஸ்கேனர்8-ன் மேல் எழுதப்பட்டது. ஜாவா 17-க்கு மாறிய பிறகு ஒருவர் முதல் ரெக்கார்டை, அதாவது டேட்டாவை வைத்திருப்பதற்கான சுருக்கமான க்ளாஸை, எழுதினார், பில்டு அன்னோன்எலிமென்ட்எக்ஸெப்ஷன் என்று செத்துவிழுந்தது. காரணம் தெளிவு. ரெக்கார்டு ஜாவா 16-ல் நிரந்தரமாக வந்தபோது ரெக்கார்டில் அறிவிக்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் ரெக்கார்டு காம்போனென்ட் என்ற புது எலிமென்ட்டும் வந்தது. 8-ஆம் நம்பர் ஸ்கேனருக்கு அது என்னவென்றே தெரியாது, தெரியாத எதுவும் விசிட்அன்னோனுக்குப் போகும், அங்கே எக்ஸெப்ஷன். ஜாவா 9-ல் மாட்யூல் வந்தபோதும் இப்படித்தான்.

தம்பியின் தீர்வு ஒரே வரி: விசிட்அன்னோனை ஓவர்ரைடு செய்து நல் திருப்பிவிடலாம். அவர் வாதத்தில் பாதி உண்மை. ரெக்கார்டுக்குள் காம்போனென்ட் தவிர, கம்பைலரே உண்டாக்கும் ப்ரைவேட் ஃபீல்டும் தனி எலிமென்ட்டாக வருகிறது, அது விசிட்வேரியபிளில் மாட்டிக்கொள்ளும், எனவே செக் தப்பாது. ஆனால் அது ரெக்கார்டின் அமைப்பால் கிடைத்த யோகம், நாம் யோசித்துச் செய்தது இல்லை. அந்த ஒரு வரி உள்ளே போய்விட்டால், நாளைக்கு ஜாவாவில் வரப்போகும் ஏதோ ஒரு புது எலிமென்ட் சத்தமே இல்லாமல் நம் காவலைத் தாண்டிப் போகும், யாருக்கும் தெரியாது. அதுவும் ரெக்கார்டை எழுத்தாக மாற்றும் டூஸ்ட்ரிங் தானாகவே எல்லாக் காம்போனென்ட்டையும் அச்சிடும். நாம் பயப்படும் கசிவுக்கு இதைவிட வசதியான இடம் வேறு இல்லை. பில்டு உடைந்த அன்றைக்குத்தான் அந்தப் ப்ராசஸர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது என்பேன்.

கடைசியில் எலிமென்ட்ஸ்கேனர்14-க்கு மாற்றினோம். காம்போனென்ட்டில் செக் போடவில்லை, ஃபீல்டில் மட்டும், இல்லையென்றால் ஒரே தப்புக்கு இரண்டு எரர் வரும். விசிட்அன்னோனை அப்படியே விட்டோம்.

ஜாவா 21-ல் ஸ்விட்சில் டைப்பைப் பார்த்துப் பிரிக்கும் பேட்டர்ன் மேட்சிங் வந்துவிட்டதே, இன்னும் விசிட்டர் எதற்கு என்று காபியின்போது கேட்டார்கள். நம் சொந்த மரம் என்றால் நானும் சீல்டு இன்டர்ஃபேஸ், அதாவது இந்த வகைகள் மட்டும்தான் என்று பூட்டிய இன்டர்ஃபேஸ், வைத்து ஸ்விட்ச்தான் எழுதுவேன். புது வகை ஒன்று சேர்ந்தால் டீஃபால்ட் இல்லாத ஸ்விட்ச் எல்லாம் கம்பைல் ஆகாமல் நிற்கும், எனக்கு வேண்டியது அதுதான். ஆனால் எலிமென்ட் சீல்டு இல்லை. அதன் மேல் எழுதும் ஸ்விட்சுக்கு டீஃபால்ட் கட்டாயம், அந்த டீஃபால்ட்டில் யாராவது ஒன்றும் செய்யாமல் விட்டால் மறுபடி அதே ஓட்டை.

இத்தனைக்கும் பிறகு இந்தக் காவலுக்கு ஓர் எல்லை இருக்கிறது. எலிமென்ட்கள் அறிவிப்புகளோடு நின்றுவிடும், மெத்தடின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது அவற்றில் கிடையாது. லாகர் வரியில் யாராவது நேரடியாக நம்பரை ஒட்டினால் எங்கள் ப்ராசஸருக்குத் தெரியாது. அதற்கு மெத்தட் உடம்பையும் மரமாகக் காட்டும் ஜாவாசியின் ட்ரீ ஏபிஐக்குப் போக வேண்டும். அங்கே ட்ரீஸ்கேனர் என்று இன்னொரு விசிட்டர், மெத்தட் கால் ஒவ்வொன்றுக்கும் விசிட்மெத்தட்இன்வொகேஷன் வரும். கோடில் தப்பு பிடிக்கும் கூகுளின் எரர் ப்ரோன் கருவி இந்த ட்ரீ ஏபிஐயின் மேல்தான் நிற்கிறது. தம்பி இப்போது அதில் ஒரு செக் எழுதிக்கொண்டிருக்கிறார்.