சாதனை ஊர்களுக்கும் சீசன் உண்டு

மாசி மாதம் குற்றாலத்துக்குப் புறப்படுகிறவரை நெல்லைச் சீமையில் யாரும் விடமாட்டார்கள். "ஆனி பிறக்கட்டும், சாரல் விழட்டும்" என்று கையைப் பிடித்து நிறுத்திவிடுவார்கள். பேரருவி எங்கும் போய்விடவில்லை. ஆனால் மாசியில் போனால் பாறையைத்தான் பார்க்க வேண்டும்.

உலகத்திலேயே அதிக மழை, பெரிய உப்புவெளி, உயர்ந்த அருவி என்று பட்டியல் போடுகிறவர்கள் ஊர்ப்பெயரையும் எண்ணையும் எழுதுகிறார்கள், மாதத்தை எழுதுவதில்லை. அதை நம்பி லட்சக்கணக்கில் செலவழித்துப் போய் வெறும் பாறையைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் உண்டு. குற்றாலத்துக்குப் பார்க்கிற அதே கணக்கைத்தான் இந்த இடங்களுக்கும் பார்க்க வேண்டும்.

முதலில் மழை. நம்மால் எளிதாகப் போய்வரக்கூடிய உலக சாதனை இடம் மேகாலயாவின் மௌசின்ராம். ஆண்டுச் சராசரி மழை 11,872 மி.மீ. பக்கத்தில் இருக்கும் சிரபுஞ்சிக்கு உள்ளூரில் சோரா என்று பெயர். சராசரியில் அது இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டாலும், தொடர்ந்த 12 மாதத்தில் பெய்த அதிக மழை என்ற பட்டம் இன்னும் அதனிடம்தான் இருக்கிறது: 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை 26,461 மி.மீ. இரண்டு நாள் மழைக்கான பட்டமும் அதற்கே. 1995 ஜூன் 15, 16 தேதிகளில் 2,493 மி.மீ. கொட்டியது.

வங்கக் கடலிலிருந்து வரும் பருவக்காற்று வங்கதேசத்துச் சமவெளியைத் தடையில்லாமல் கடந்து, மேகாலயாவின் காசி (Khasi) மலையின் செங்குத்தான தெற்கு முகத்தில் முட்டுகிறது. ஏறக்குறைய 1,400 மீட்டர் ஒரே வீச்சில் மேலே ஏற வேண்டியிருப்பதால் ஈரம் முழுவதையும் அங்கேயே இறக்கிவிடுகிறது. மலைக்குப் பின்னால் இருக்கும் ஷில்லாங்குக்கு ஐந்தில் ஒரு பங்கு போலத்தான் கிடைக்கும். நமக்கு இது புதிதல்ல. தென்மேற்குப் பருவத்தில் மேற்கு மலை மழையைக் கேரளத்துப் பக்கம் நிறுத்திக்கொள்கிறது, ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தப்பி வருவதுதான் நமக்குச் சாரல்.

இந்த எண்களின் கனம் தெரிய வேண்டுமானால் காயல்பட்டினத்தை நினைத்துப் பாருங்கள். 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் அங்கே பெய்தது 946 மி.மீ. மௌசின்ராமில் 2022 ஜூன் 17 அன்று பதிவானது 1,003.6 மி.மீ. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மௌசின்ராமில் பெய்தது மலைச்சரிவில் ஓடி வங்கதேசத்துக்கு இறங்கிவிடும். காயலிலும் திருவைகுண்டத்திலும் பெய்த இடமோ தட்டையான நிலம், குளங்கள் நிறைந்த தாமிரபரணிக் கடைமடை. அதனால்தான் அங்கே வடிந்துவிடும் மழை இங்கே பேரழிவானது.

போகிற வழி: கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸே ஒரு சாதனைதான். சுமார் 4,190 கி.மீ. ஓடும் இந்தியாவின் மிக நீண்ட ரயில் அது. நெல்லை வழியாக வராது, நாகர்கோவிலில் ஏற வேண்டும். குவாஹாத்தி போய்ச் சேர இரண்டரை நாளுக்கு மேல் ஆகும். முதல் நாளுக்குப் புளியோதரை, மறுநாள் காலைக்கு எண்ணெய்ப் பொடி தடவிய இட்லி, அதற்குமேல் கட்டுச்சோறு தாங்காது. குவாஹாத்தியிலிருந்து ஷில்லாங் சுமார் 100 கி.மீ., ஷேர் சுமோ கிடைக்கும். ஷில்லாங்கிலிருந்து சோரா 55, மௌசின்ராம் 60 கி.மீ. போல.

எந்த மாதம்? மழையைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ஜூன், ஜூலை. ஆனால் அப்போது பத்தடிக்கு அப்பால் மேகம்தான் தெரியும், மலைச்சாலையில் மண் சரியும், ஆகவே இரண்டு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்தும் அருவி வற்றாமல் இருக்கும் அக்டோபர்தான் என் தேர்வு. 340 மீட்டர் விழும் நோகலிகாய் அருவியை முழுசாகப் பார்க்கலாம். ஜனவரியில் போனால் உலகின் ஈரமான ஊரில் மக்கள் குடத்தோடு தண்ணீருக்கு நடப்பதைப் பார்ப்பீர்கள். மேல்மண்ணை மழை அடித்துப் போய்விட்டது, சுண்ணாம்புப் பாறை தண்ணீரைப் பிடித்து வைக்காது, பெய்வதெல்லாம் ஓடிவிடும்.

குடை அங்கே உதவாது, மழை சாய்ந்து அடிக்கும். உள்ளூர்க்காரர்கள் மூங்கிலும் இலையும் வைத்துப் பின்னிய, ஆமை ஓடு போன்ற 'க்னுப்' ஒன்றைத் தலையிலிருந்து இடுப்பு வரை கவிழ்த்துக்கொள்வார்கள். இங்கே சாக்கை மடித்துக் கொங்காணி போடுவோமே, அதே யோசனைதான், ஆனால் இரண்டு கையும் வேலைக்கு மிச்சம். நீங்கள் பேன்ட்டோடு சேர்ந்த மழைக்கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பருத்தித் துணி மூன்று நாளானாலும் காயாது, சீக்கிரம் காய்கிற செயற்கை இழைத் துணியில் மூன்று செட் போதும்.

சோரா பக்கத்து நோங்கிரியாட் கிராமத்தின் இரட்டை அடுக்கு வேர்ப்பாலத்துக்கு, மேலே இருக்கும் டிர்னா கிராமத்திலிருந்து சுமார் 3,500 படி. இறங்கும்போது உற்சாகமாக இருக்கும், ஏறும்போதுதான் முழங்கால் பேசும். வடகிழக்கில் அக்டோபரிலேயே மாலை ஐந்து மணி வாக்கில் இருட்டிவிடும் என்பது நம்மவர்களுக்கு மறந்துபோகும், பலர் சிக்கிக்கொள்வது அதனால்தான். காலை ஏழு மணிக்கு இறங்குங்கள், அல்லது கீழே ஏதாவது வீட்டில் ஓர் இரவு தங்குங்கள். ரப்பர் அத்தி மரத்தின் வேரை, குடைந்த பாக்குமரத் தண்டுக்குள் விட்டு எதிர்க்கரைக்கு வளர்த்து எடுத்த பாலம் அது. ஆள் நடக்கும் அளவுக்கு வலுப்பட 15 ஆண்டாவது வேண்டும். உயிருள்ள மரம், அதன்மேல் கூட்டமாக நின்று குதித்துப் படம் எடுக்காதீர்கள்.

அடுத்தது உப்பு. தூத்துக்குடி அளங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்குப் பொலிவியாவின் உயூனி உப்புவெளி வேறு மாதிரி புரியும். பரப்பு 10,582 சதுர கி.மீ., இன்றைய நெல்லை மாவட்டத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். நம் அளத்தில் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, அதன் உப்புச் செறிவை 25 டிகிரிக்கு ஏற்றி உப்பு விளைவிக்கிறோம். உயூனியில் மழையே அந்த வேலையைச் செய்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மேல்படிவத்தைக் கரைத்து, வெயில் திரும்ப உறைய வைப்பதால், மேடு கரைந்து பள்ளம் நிரம்பி, வெளி முழுவதும் ஒரு மீட்டர்கூட ஏற்ற இறக்கம் இல்லாமல் சமமாகிவிட்டது. செயற்கைக்கோளின் உயர அளவீட்டைச் சரிபார்க்க அதைப் பயன்படுத்துகிறார்கள்.

படங்களில் வரும் கண்ணாடி வானம் ஜனவரி முதல் மார்ச் வரைதான். மே முதல் நவம்பர் வரை போனால் அறுகோணக் கட்டங்களாக வெடித்த வெள்ளைத் தரை இருக்கும். கள்ளிகள் நிற்கும் இன்காவாசித் தீவுக்கு ஜீப் போகக்கூடியதும் அப்போதுதான். ஒரே பயணத்தில் இரண்டும் கிடைக்காது, எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். உப்பின் விளிம்பு காலைக் கிழிக்கும், ரப்பர் செருப்பு போடுங்கள். வெயில் கீழிருந்தும் அடிக்கும் என்பதால் தாடைக்கு அடியிலும் மூக்கின் கீழும் சன்ஸ்கிரீன் தடவ வேண்டும். ஜூன், ஜூலை இரவுகளில் குளிர் பூஜ்யத்துக்கு வெகு கீழே போகும்.

பெரிய ஆபத்து உயரம். உயூனி இருப்பது 3,656 மீட்டரில். அங்கே ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் சோறு எளிதில் வேகாது. பொலிவியாவின் லா பாஸ் விமான நிலையம் 4,061 மீட்டரில் இருப்பதால் நேரே அங்கே இறங்காதீர்கள். தாழ்வான சாண்டா குரூஸில் இறங்கி, 2,800 மீட்டரில் இருக்கும் சுக்ரேயில் இரண்டு மூன்று இரவு தங்கிப் போனால் உடம்பு பழகிவிடும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அதற்குமேல் ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அந்த நிமிடமே கீழே இறங்க வேண்டும்.

பக்கத்து நாடான சிலியில் அரிகா இருக்கிறது. 1903 அக்டோபர் முதல் 1918 ஜனவரி வரை 173 மாதம் மழையே பதிவாகாத கடலோர ஊர். ஆதிச்சநல்லூர்த் தாழிகளை அறிந்தவர்கள் அங்கே சின்சோரோ என்ற பழங்கால மக்கள் பதப்படுத்திய உடல்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சுமார் 7,000 ஆண்டுப் பழமை, எகிப்தை விட முந்தியவை. அங்கிருந்து லா பாஸுக்குப் பேருந்து உண்டு. ஆனால் அது ஒரே நாளில் கடல்மட்டத்திலிருந்து 4,600 மீட்டருக்கு மேல் ஏறும். இடையில் புத்ரேயில் தங்காமல் போகாதீர்கள்.

வெப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் டெத் வேலியில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரிதான் இன்றும் சாதனை. லிபியாவின் 58 டிகிரி 90 ஆண்டு பட்டத்தை வைத்திருந்து, கருவியைப் பழக்கமில்லாதவர் தப்பாகப் படித்திருக்கிறார் என்று 2012இல் ரத்தானது. அதெல்லாம் நிழலில் எடுத்த அளவு, தரை வேறு: 1972இல் டெத் வேலித் தரையில் 93.9 டிகிரி. கோடையில் போனால் காலை பத்து மணிக்குப் பிறகு நடக்காதீர்கள். காற்று சூடேறி லேசாகிவிட்டால் மீட்பு ஹெலிகாப்டரால் பறக்க முடியாது.

வெனிசுவேலாவின் ஏஞ்சல் அருவி 979 மீட்டர், இடையில் எங்கும் முட்டாமல் விழுவது மட்டும் 807. நம் பேரருவியில் பொங்குமாங்கடல் வேகத்தை உடைத்துவிடுவதால் தலையைக் கொடுத்து நிற்கலாம், அங்கே அப்படி ஒன்றும் இல்லை. கோடையில் தண்ணீர் தரையைத் தொடுமுன்பே புகையாகக் கலைந்துவிடும். அருவியடிக்குப் படகு போவது ஆற்றில் நீர் இருக்கும் ஜூன் முதல் டிசம்பர் வரைதான். அந்த நாட்டின் நிலவரம் குறித்து வெளியுறவுத் துறை என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

பொலிவியா, வெனிசுவேலா போய்வருகிறவர்களிடம் இந்தியா மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கும். இல்லாவிட்டால் திரும்பி இறங்கியதும் ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். நம் நாட்டுக் குடிமகன் என்பதால் விலக்கு இல்லை. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அவற்றில் ஒன்று. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். ஆகவே பயணத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு டிக்கெட் போட்டுவிடுங்கள்.