ஒன்ராறியோவில் பாராலீகல் உரிமம் எடுத்த அனுபவம்

ரொறன்ரோத் தமிழ்க் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் விளம்பர இதழ்களைப் புரட்டினால் பாராலீகல் விளம்பரங்கள் வரிசையாக வரும். அவற்றைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. விசாரிக்கப் போனபோதுதான் பாராலீகல் வேறு, லோ கிளார்க் வேறு என்று தெரிந்தது. லோ கிளார்க் சட்டத்தரணியின் கீழ் வேலை செய்பவர்; அவருக்கு உரிமம் தேவையில்லை. பாராலீகலோ சொந்தமாக அலுவலகம் திறந்து, கட்சிக்காரருக்காகச் சில வகை வழக்குகளில் தானே வழக்காடலாம். 2007 முதல் ஒன்ராறியோவில் இதற்கு உரிமம் கட்டாயம். சட்டத்தரணிகளுக்கு உரிமம் வழங்கும் அதே ஒன்ராறியோ சட்டச் சங்கம்தான் இதையும் வழங்குகிறது.

படிக்கப் பல வழிகள் உண்டு. அரசுக் கல்லூரிகளில் இரண்டாண்டு டிப்ளோமா இருக்கிறது. ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கு ஓராண்டுச் சான்றிதழ் படிப்பு இருக்கிறது. தனியார் தொழிற்கல்லூரிகள் குறுகிய காலத்தில் முடித்துத் தருகின்றன. கட்டணம்தான் கையைக் கடிக்கும். எங்கே சேர்ந்தாலும் அந்தப் படிப்புக்குச் சட்டச் சங்கத்தின் அங்கீகாரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் உரிமப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

ஒரு தனியார் கல்லூரியில் விசாரித்தபோது, "இதை முடித்தால் குடிவரவுப் படிவங்கள் எல்லாம் நிரப்பிக் கொடுத்துச் சம்பாதிக்கலாம்" என்று ஆசை காட்டினார்கள். அது உண்மையில்லை. குடிவரவு, அகதிகள் சபையின் விசாரணைகளில் பாராலீகல் தோன்றலாம். மனைவியை ஸ்பான்சர் செய்யும் படிவத்தை நிரப்பிக் கட்டணம் வாங்க முடியாது. உயில் எழுதுவதும் வீட்டுக் கொள்வனவை முடித்துக் கொடுப்பதும் இந்த உரிமத்துக்குள் வராது. நம் ஆட்கள் அதிகம் கேட்டு வருவது இவற்றைத்தான் என்பதால், சேருமுன் இதை அறிந்துகொள்வது நல்லது. யாழ்ப்பாணத்தில் பி.காம் முடித்திருந்த நான், சான்றிதழை மதிப்பீடு செய்வித்து அரசுக் கல்லூரியின் ஓராண்டுப் படிப்பில் சேர்ந்தேன்.

படிப்பின் ஒரு பகுதியாகக் குறைந்தது 120 மணி நேரக் களப்பயிற்சி உண்டு. உண்மையான படிப்பு அங்கேதான் நடந்தது. ஸ்காபரோவில் ஒரு தமிழ் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருந்த ஐயா ஒருவர் தினசரி நாட்காட்டித் தாள்களை ஒரு கட்டாகக் கட்டிக் கொண்டுவந்தார். வாடகை வந்த நாள்களில் எல்லாம் தாளின் பின்புறம் தொகை எழுதியிருந்தது.

"பிள்ளை, எல்லாவற்றையும் கூட்டி நோட்டீஸ் எழுதிவிடுங்கோ" என்றார். கூட்டிப் பார்த்தால் ஹைட்ரோ பில்லும், அதாவது மின்கட்டணமும், அதற்குள் கலந்திருந்தது. வாடகைப் பாக்கிக்குக் கொடுக்கும் என்4 அறிவித்தலில் வாடகையை மட்டுமே காட்டலாம். மின்கட்டணம் சேர்ந்தாலோ, வெளியேற வேண்டிய தேதியைத் தவறாகக் கணக்கிட்டாலோ, மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த விசாரணையில் வழக்கு தள்ளுபடியாகலாம். ஐயாவுக்குக் கோபம். "கரண்ட் எரித்தது அவன்தானே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தக் கணக்குக்கு வேறு படிவம் உண்டு என்று விளக்கி, ஒவ்வொரு மாதத்தையும் தனி வரியாக எழுதி முடிக்கப் பிற்பகல் ஆகிவிட்டது.

உரிமப் பரீட்சையைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். பல தெரிவு வினாக்கள்தான். அச்சிட்ட குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதலாம். சட்டச் சங்கம் அனுப்பும் பாடநூலோ தலையணை அளவு. மனப்பாடம் செய்து பயனில்லை. எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் என்று நீங்களே ஓர் அட்டவணை தயாரிக்க வேண்டும். பிறர் தயாரித்ததை விலைக்கு வாங்கியவர்கள் பரீட்சை மண்டபத்தில் பக்கம் தேடித் திண்டாடியதைப் பார்த்தேன். வழக்கு நடைமுறையைவிட எனக்குக் கடினமாக இருந்தது ஒழுக்க விதிகளும் கணக்கு விதிகளும்தான். ஒரு கோப்புக்காகக் கட்சிக்காரரிடம் 7,500 டொலரோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. கட்சிக்காரரின் பணத்தை வைத்திருக்கும் ட்ரஸ்ட் கணக்கை மாதம் முடிந்து 25 நாளுக்குள் சரிபார்த்திருக்க வேண்டும். இப்படிப்பட்டவற்றில்தான் வினாக்கள் நுணுக்கமாக வரும்.

விண்ணப்பத்தில் நன்னடத்தைப் பகுதி ஒன்று இருக்கிறது. பழைய குற்றத் தீர்ப்பு, கட்டாத நீதிமன்றக் கடன், வேலை நீக்கம், கல்லூரியில் காப்பியடித்த புகார் எல்லாம் கேட்பார்கள். இருந்தால் எழுதிவிடுங்கள். மறைத்தது பின்னால் தெரியவந்தால், மறைத்ததே தனி விவகாரமாகிவிடும்.

உரிமம் வந்தபிறகும் செலவு ஓயாது. சொந்தமாகத் தொழில் நடத்துவதற்கு, நம் தொழில் பிழைக்காக யாரும் நட்டஈடு கேட்டால் கொடுக்க, ஒரு கோரிக்கைக்குக் குறைந்தது பத்து லட்சம் டொலர் காப்புறுதி எடுக்க வேண்டும். ஆண்டுதோறும் 12 மணி நேரத் தொடர்கல்வியும் உண்டு. அதனால் நான் பயிற்சி பெற்ற அலுவலகத்திலேயே சம்பளத்துக்கு இருக்கிறேன். இப்போது வருவதெல்லாம் வாடகை வழக்குகளும் வேகமாக ஓட்டிப் பிடிபட்டவர்களின் வழக்குகளும்தான். 2025 அக்டோபரிலிருந்து சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுக் கேட்கக்கூடிய தொகையின் வரம்பு 35,000 டொலரிலிருந்து 50,000 டொலராக உயர்ந்திருக்கிறது. திருத்த வேலைக்கு முற்பணம் வாங்கிக்கொண்டு காணாமல்போன ஒப்பந்தக்காரர்கள் மீதான வழக்குகள் இனி எங்களிடம் கூடுதலாக வரும் என்று எதிர்பார்க்கிறேன்.