செக்யூரிட்டி ரிவ்யூவில் எங்கள் டிசைன் தேறிய விதம்

புது அப்ளிகேஷன் எதுவானாலும் புரொடக்‌ஷனுக்குப் போகும் முன் செக்யூரிட்டி ஆர்க்கிடெக்சர் ரிவ்யூவில் தேற வேண்டும் என்பது எங்கள் நிறுவனத்தில் விதி. ரீஃபண்ட் சர்வீஸ் ஒன்றை அதில் தேற வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஃபயர்வால், டிஎல்எஸ் (நெட்வொர்க்கில் போகும் தரவைப் பூட்டும் முறை) என்றுதான் கேட்பார்கள் என நினைத்துப் போனோம். அந்தக் கேள்விகள் சீக்கிரமே முடிந்துவிட்டன.

முதலில் கேட்டது டேட்டா ஃப்ளோ படம், அதாவது தரவு எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்புகளால் காட்டும் வரைபடம். எங்கெல்லாம் நம்பிக்கையின் அளவு மாறுகிறதோ அங்கெல்லாம் புள்ளிக்கோடு. அதுதான் ட்ரஸ்ட் பவுண்டரி. கோட்டைத் தாண்டும் அம்புகளை ஸ்ட்ரைட் முறையில் அலச வேண்டும். 1999இல் மைக்ரோசாஃப்டில் லோரன் கோன்ஃபெல்டரும் பிரேரித் கார்கும் உருவாக்கிய முறை அது: ஆள்மாறாட்டம், தரவைத் திருத்துதல், செய்ததை மறுத்தல், தகவல் கசிவு, சேவை முடக்கம், அதிகார மீறல் என ஆறு வகை. எல்லா அம்புக்கும் ஆறையும் எழுதினால் கை ஓய்ந்துவிடும். பணம் போகும் பாதையை மட்டும் தோண்டுங்கள் என்று ரிவ்யூவரே சொன்னது பெரிய நிம்மதி.

அந்தப் பாதையில்தான் விஷயமே இருந்தது. ரீஃபண்ட் கோரிக்கையை மேனேஜர் அப்ரூவ் செய்வார். பிறகு அது க்யூவில் காத்திருந்து பேமென்ட் கேட்வேக்குப் போகும். "காத்திருக்கும் நேரத்தில் தொகையை யாராவது மாற்றினால்?" என்றார் ரிவ்யூவர். மாற்ற முடிந்தது! கோரிக்கையைத் திருத்த உதவும் எடிட் ஏபிஐ, அப்ரூவலுக்குப் பிறகும் திறந்தே கிடந்தது. சரிபார்ப்பது ஒரு நேரம், பயன்படுத்துவது வேறு நேரம். ஒவ்வொரு அணுகலையும் அந்தந்த நேரத்தில் சரிபார்க்க வேண்டும் என்று கணினி ஆய்வாளர்கள் சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975லேயே எழுதிவைத்த விதி இங்கே உடைந்திருந்தது. இப்போது அப்ரூவல் பதிவில் கோரிக்கை எண், தொகை, கணக்கு எண் மூன்றும் சேர்த்து டிஜிட்டல் கையொப்பம் இடப்படுகிறது. பணம் அனுப்பும் கணத்தில் மறுபடி ஒப்பிடுவோம், பொருந்தாவிட்டால் அனுப்பாது. கோரிக்கை போட்டவரே அப்ரூவ் செய்யவும் முடியாது. பாடக்குறிப்புகளில் பாதுகாப்பு மாடல் என்றால் பெல்-லாபடுலா மாடல்தான் எப்போதும் முன்னால் நிற்கும். அது ரகசியம் காப்பதற்கானது. பணம் புழங்கும் இடத்தில் கைகொடுப்பது, தரவை யாரும் முறைகேடாக மாற்றாமல் காக்க 1987இல் வந்த கிளார்க்-வில்சன் மாடல்தான் என்பது என் எண்ணம்.

அடுத்தது சர்வீஸ் அக்கவுண்ட், அதாவது மனிதர் அல்லாமல் அப்ளிகேஷனே பயன்படுத்தும் கணக்கு. பழைய டெம்ப்ளேட்டில் இருந்து வந்த அதற்கு டேட்டாபேஸில் எதையும் செய்யக்கூடிய ஓனர் உரிமை. யார் எப்போது என்ன செய்தார் என்று பதியும் ஆடிட் லாகும் அதே டேட்டாபேஸில். பணத்தையும் அனுப்பி, தடயத்தையும் அழிக்க அந்த ஒரு அக்கவுண்டே போதும். உரிமைகளைப் பிரித்து, லாகை வேறு சர்வருக்கு அனுப்பினோம். அங்கே சேர்க்கலாம், திருத்தவோ அழிக்கவோ முடியாது. இதில் சில ரிப்போர்ட்கள் உடைந்து, அந்த டீம் எங்களைத் திட்டித் தீர்த்தது தனிக்கதை.

என்கிரிப்ஷன் சாவி கான்ஃபிக் ஃபைலில் தரவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இப்போது தரவுச் சாவியைப் பூட்டும் சாவி எச்எஸ்எம் எனும், சாவிகளைப் பாதுகாப்பதற்கென்றே உள்ள தனிக் கருவிக்குள் இருக்கிறது. "நாமே எழுதிய என்கிரிப்ஷன் அல்காரிதம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது" என்று ஒரு குரல் எழுந்தது. சாவியைத் தவிர எல்லாம் எதிரிக்குத் தெரியும் என்றே வடிவமைக்க வேண்டும் என்பது குறியாக்க நிபுணர் கெர்க்காஃப்ஸ் 1883இல் சொன்னது. எல்லோருக்கும் வெளிப்படையாகத் தெரிந்த என்கிரிப்ஷன் முறையான ஏஇஎஸ்ஸுக்கு மாறினோம்.

இவ்வளவுக்குப் பிறகும் கிடைத்தது நிபந்தனையோடான ஒப்புதல். கோரிக்கை போடுபவரும் மேனேஜரும் கைகோத்தால் என்ன செய்வது? பெரிய தொகைக்கு இன்னொரு துறையின் அப்ரூவலும் வேண்டும் என்று வைத்தோம். சின்னத் தொகையில் அந்த ஆபத்து மிச்சம்தான். அதை ரிஸ்க் ரெஜிஸ்டரில் எழுதி, மறுபரிசீலனைத் தேதியும் போட்டு, பிசினஸ் பிரிவின் தலைவர் கையெழுத்திட்ட பிறகே சர்வீஸ் புரொடக்‌ஷனுக்குப் போனது.