பக்கெட், மணல், தண்ணி கேன்: 12 வாரம் கைப்பிடி பலம் ஏத்திப் பார்த்த கதை

ஆரம்பிச்சது ஒரு கடுப்புலதான். புல்-அப் பார்ல, அதாவது தலைக்கு மேல இருக்குற கம்பில, தொங்கிட்டு இருக்கேன், முதுகுக்கு ஒண்ணும் ஆகல, தோளும் நல்லா இருக்கு, ஆனா விரல் மட்டும் தானா விரிஞ்சு கீழ வந்துட்டேன். ஸ்டாப்வாட்ச் வச்சுப் பார்த்தா 18 செகண்ட். சரி இந்தக் கைய ஒரு வழி பண்ணலாம்னு முடிவு பண்ணி, ஆனா இதுக்குன்னு காசு செலவு பண்றதில்ல, வீட்ல கெடக்குற சாமான வச்சே பார்த்துடுவோம்னு 12 வாரம் நோட்ல எழுதி வச்சேன், அதுல இருந்துதான் இத டைப் பண்றேன்.

முன்னாடியே ஒரு பிளாஸ்டிக் ஸ்பிரிங் கிரிப்பர் கெடந்துச்சு. டிவி பார்த்துகிட்டே 100 தடவ அமுக்குவேன், பெருமையா இருக்கும். 100 தடவ அமுக்க முடியுதுன்னா அது பலத்துக்கான வெயிட்டே இல்லனு அப்ப தோணல. பலம் ஏறணும்னா அஞ்சாறு தடவைலயே கை திணறணும். அத தூக்கி ஓரமா வச்சாச்சு.

முதல் வாரம்: பழைய பெயிண்ட் பக்கெட் ரெண்டு, 20 லிட்டர் சைஸ். மணல் ஒரு லிட்டருக்கு சுமாரா ஒன்றரை கிலோவுக்கு மேல வரும், அதனால முழுசா ரொப்புனா 30 கிலோவத் தாண்டிடும். நான் ஒவ்வொண்ணுலயும் 12 கிலோ போட்டேன். எடை பார்க்குறது ஈஸி, பாத்ரூம் எடை மெஷின்ல பக்கெட்டோட ஏறி நின்னு, அப்புறம் சும்மா ஏறி நின்னு, கழிச்சுக்க வேண்டியதுதான். ரெண்டு கையிலயும் தூக்கிகிட்டு வராண்டால இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடை.

ரெண்டே நாள்ல ஒரு விஷயம் புரிஞ்சுது. கை தோக்கல, தோல்தான் தோத்துச்சு. அந்தக் கம்பிக் கைப்பிடி விரல் மடிப்புல கத்தி மாதிரி அறுக்குது, வலி தாங்காம கீழ வைக்கிறேன், முன்னங்கை களைக்கவே இல்ல. அப்பதான் பழைய ஹோஸ் பைப்ல ஒரு துண்டு வெட்டி, நீளவாக்குல கீறி கம்பி மேல மாட்டி, அதுக்கு மேல துணி சுத்துனேன். இப்ப வேற கதை! அதே 12 கிலோ, பாதி தூரத்துலயே கை நழுவுது. தடிமனான பிடிய முழுசா சுத்திப் பிடிக்க முடியாது, கட்டை விரல் மத்த விரல் மேல ஏறிப் பூட்டாது, பிடி உருளப் பார்க்கும். இந்த 12 வாரத்துல நான் கத்துக்கிட்டதுல பெரிய விஷயம் இதுதான், வெயிட்ட ஏத்துறதுக்கு முன்னாடி பிடிய மாத்திப் பாருங்க. தாமஸ் இன்ச்னு பழைய காலத்து இங்கிலாந்து பயில்வான் ஒருத்தர், அவரோட டம்பெல் சுமார் 78 கிலோதான், ஆனா கைப்பிடி கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர் கனம். டெட்லிஃப்ட்ல, அதாவது தரைல இருந்து எடைய இடுப்பு வரைக்கும் தூக்குறதுல, அதப்போல ரெண்டு மடங்கு தூக்குற ஆளுங்களே அத ஒத்தக் கையில அசைக்க முடியாம நின்னிருக்காங்க. என் பக்கெட் அதுக்கு ஏழைச் சொந்தக்காரன்.

ரெண்டாவது வாரம்: பிஞ்ச், அதாவது கிள்ளிப் பிடிக்கிறது. 5 செமீ கனத்துல ஒரு மரக்கட்டை, அடியில ஒரு கொக்கி, கொக்கில கயிறு, கயித்துல 5 லிட்டர் தண்ணி கேன். ஒரு பக்கம் கட்டை விரல், மறு பக்கம் நாலு விரல், தூக்கி 10 செகண்ட். தண்ணியோட அழகு என்னன்னா ஒரு லிட்டர் ஒரு கிலோ, 250 மில்லி ஊத்துனா கால் கிலோ ஏறிடும், பல ஜிம்ல இவ்ளோ பொடிப்பொடியா ஏத்த முடியாது. வலது கை 4 கிலோ, இடது கை 3.5, அவ்ளோதான். என் கட்டை விரல் இவ்ளோ சோப்ளாங்கியா இருக்கும்னு நெனச்சே பார்க்கல. பாதி ரொம்புன கேன்ல தண்ணி தளும்பி கை ஆடும், ஆரம்பத்துல எரிச்சல், அப்புறம் பழகிடுச்சு. அப்புறம் வேர்வை. கை வேர்த்த நாள்ல அரை கிலோ கொறையுது, அதனால தூக்குறதுக்கு முன்னாடி கையையும் கட்டையையும் துடைச்சுட்டு தூக்குனாதான் கணக்கு கணக்கா இருக்கும்.

மூணாவது வாரம்: ரிஸ்ட் ரோலர். தொடப்பக் கட்டைல நடுவுல ஓட்ட போட்டு ஒரு மீட்டர் கயிறு, நுனில 3 கிலோ. சுத்திச் சுத்தி மேல ஏத்தணும், அப்புறம் சட்டுனு விடாம மெதுவா இறக்கணும், இறக்குறதுலதான் வேலையே. எல்லாரும் கைய நேரா நீட்டிப் பண்றாங்க, எனக்கு முன்னங்கைக்கு முன்னாடி தோள்பட்டை செத்துடுச்சு, அதனால ஸ்டூல் மேல ஏறி நின்னு முழங்கைய ஒடம்போட ஒட்டி வச்சுப் பண்ணேன். கட்டை ரெண்டரை செமீ, ஒரு மீட்டர் ஏத்த பன்னெண்டு பதிமூணு சுத்து. அப்புறம் 5 செமீ பைப்புக்கு மாத்துனேன், சுத்து பாதியாச்சு, ஆனா ஒவ்வொரு சுத்தும் ரெண்டு மடங்கு கஷ்டம். எடை அதேதான்.

நாலாவது வாரக் கடைசில தொங்குறது 31 செகண்ட். தலைகால் புரியல. தெனமும் பண்ணா இன்னும் சீக்கிரம் ஏறும்னு காலைல பக்கெட், சாயங்காலம் பிஞ்ச், ராத்திரி டவல் முறுக்குறதுன்னு போட்டுத் தாக்குனேன்.

அஞ்சாவது வாரம் நோட்ல ஒரே வரி: "முழங்கை உள்பக்கம் வலி."

விரலுக்குள்ள மடக்குற தசையே கெடையாது, முக்கியமானதெல்லாம் முன்னங்கைல உக்காந்துகிட்டு நீளமான தசைநாண் வழியா விரல இழுக்குது, அதுல ஒரு பகுதி முழங்கை உள்பக்கம் இருக்குற அந்த எலும்பு முட்டுலதான் புடிச்சிருக்கு. தசை சீக்கிரம் பழகிடும், தசைநாண் ரொம்ப லேட்டாதான் பழகும், நான் தசையோட வேகத்துல ஓடிட்டேன். கதவுக் குமிழ் திருகுனாலே சுருக்குங்குது. ரெண்டு வாரம் கனமா எதையும் தூக்கல. அந்த நேரத்துல பண்ணது ரப்பர் பேண்ட் மட்டும், அஞ்சு விரல் நுனியையும் சேத்து வச்சு சுத்தி மாட்டி, விரல விரிக்கிறது, 25 தடவ. இவ்ளோ நாள் மூடுறதுக்கு மட்டும் பயிற்சி குடுத்துட்டு திறக்குற பக்கத்த அம்போன்னு விட்டிருந்தேன். ஒரு ரப்பர் பேண்ட் ஈஸியானதும் ரெண்டு, அப்புறம் மூணு. (எனக்கு லேசான வலி, ஓய்வுலயே சரியாச்சு. மரத்துப் போறது, விரல் நுனி ஊசி குத்துறதுன்னு இருந்தா டாக்டர்கிட்ட காட்டிடுங்க, என்ன மாதிரி நோட்ல எழுதிட்டு உக்காராதீங்க.)

எட்டாவது வாரம்: வாரத்துக்கு மூணு நாள் மட்டும். இங்க ஒரு காமெடி. 12 கிலோ பக்கெட் திடீர்னு லேசா இருக்கு, ஆகா ஓய்வு எடுத்ததுல பலம் ஏறிடுச்சுன்னு ஒரே சந்தோஷம், சந்தேகத்துல மெஷின்ல வச்சுப் பார்த்தா 11.3. ஆரம்பத்துல போட்டது ஈர மணல், காஞ்சு போச்சு! அன்னைல இருந்து ஒவ்வொரு வாரமும் எடை போட்டுடுவேன். இன்னொரு நாள் 20 கிலோ போட்டப்ப பக்கெட்டோட காது பிச்சுகிட்டு வராண்டா முழுக்க மணல், கால் மேல விழாதது அதிர்ஷ்டம். இப்ப பக்கெட் அடியோட சேத்து கயிறு கட்டி, அந்தக் கயித்துலதான் பிடி மாட்டியிருக்கேன்.

ஒம்பதாவது வாரம் பெருசா ஒண்ணும் இல்ல. பத்துல பிஞ்ச் கேன் முழுசா ரொம்பி 5 கிலோவுக்கு மேல தண்ணி ஊத்த எடமில்ல, தண்ணியக் கொட்டிட்டு காஞ்ச மணல், அதே கேன்ல 8 கிலோ வரைக்கும் புடிக்குது. கால் கிலோ ஏத்தணும்னா பக்கத்துல ஒரு சின்ன தண்ணி பாட்டில் தொங்க விட்டுக்குவேன். மணிக்கட்ட பத்தியும் ஒண்ணு கவனிச்சேன், நீங்களும் இப்பவே செஞ்சு பாருங்க, மணிக்கட்ட உள்பக்கமா நல்லா மடக்கிகிட்டு கைய இறுக்கி மூடுங்க, பலமே வராது. லேசா பின்னாடி சாச்சு மூடுனா கிண்ணுனு இருக்கும். களைச்சதும் என் மணிக்கட்டு தானா உள்ள மடங்குது, அது மடங்குன அடுத்த ரெண்டு செகண்ட்ல பிடி போயிடும். இப்பல்லாம் மடங்க ஆரம்பிச்சதுமே கீழ வச்சுடுறேன்.

12வது வாரக் கணக்கு: தொங்குறது 18ல இருந்து 58 செகண்ட், என் ஒடம்பு எடை மாறல. பக்கெட் நடை கைக்கு 22 கிலோ, துணி சுத்துன பிடியோட. பிஞ்ச் வலது 8.25, இடது 7.25ல வந்து நிக்குது, என்ன பண்ணாலும் நகரல. முன்னங்கை சுத்தளவு ஒரு செமீ கூட ஏறல, சட்டைக் கை டைட் ஆகும்னு எதிர்பார்த்தது நடக்கல. உள்ளங்கைல காய்ப்புதான் மிச்சம், குளிச்சதும் தேச்சு விடலன்னா பார்ல தொங்குறப்ப மடங்கிக் கிழியுது.

வலது கைக்கு மணல் பத்தாதுன்னு இன்னொரு 5 லிட்டர் கேன்ல கான்கிரீட் கலந்து ஊத்தி வச்சிருக்கேன், லிட்டருக்கு ரெண்டரை கிலோ கிட்ட வரும், மொத்தம் 12 கிலோ ஆகும். நல்லா இறுக 28 நாள் விடணும், இன்னைக்கு 11வது நாள். தெனமும் போய் தட்டிப் பார்த்துட்டு வர்றேன்.